விலைக்கு வந்த அழுகை

"யப்பா, இந்தப் பையன் செத்தா யாருப்பா அழுதா?"

தேன்மொழி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அப்பாவின் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தவள், எழுந்திருக்கும்போது கால் இடறி ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டாள். அதுவரை பாண்டியராஜின் காதுக்குள் மட்டும் இருந்த சத்தம் மாடி அறை முழுக்கக் கொட்டியது. திரையில் ஓர் ஆட்டுக்காரப் பையன் கரிசல் வெடிப்பில் கால் மாட்டி விழுந்து கிடந்தான். "எந்திரிய்யா... எந்திரிய்யா ராசா..." என்று ஒரு பெண்குரல் இழுத்து அழுதது.

"யாரும் அழல மக்கா. அது மியூசிக்."

"மியூசிக்னா யாரு?"

"மியூசிக்னா மியூசிக்தான். கடையில விக்கும். நாம வாங்கிக்கிடலாம்."

பிள்ளை அந்தப் பதிலை வாயில் போட்டு மென்று பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பென்சிலைத் தேடிப் போய்விட்டது. பாண்டியராஜ் வயரை மறுபடி சொருகினான். அறை அமைதியாயிற்று.

பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் பலவற்றுக்குப் பதில் சொல்லாமல் விட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. நிலா ஏன் கூடவே வருது, பல்லி எங்கே தூங்கும். இந்தக் கேள்வி அந்த வகை இல்லை. அன்றைக்கே அவன் எழுந்து போய் இதற்குப் பதில் தேடியிருந்தால், ஒரு தாயின் வாய் அடைபட்டிருக்காது.

பாண்டியராஜ் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெங்களூரில் ஒரு கம்பெனியில் அடுத்தவர்களின் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் பொத்தான் வரைந்துகொண்டிருந்தவன், அம்மா கோமதியம்மாள் இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டான். மனைவி சங்கரேஸ்வரிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அவன் மாடி அறையில் உட்கார்ந்து, தன்னந்தனியாக, தனக்கென்று ஒரு விளையாட்டைச் செய்தான். பெயர் 'கிடை', இரவில் ஆடுகளை மடக்கிவைக்கும் இடம். பொழுது சாயுமுன் ஒரு பையன் தன் ஆடுகளைக் கரிசக்காட்டைத் தாண்டிக் கிடைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வழியில் பாம்பு இருக்கும், சுவர் இல்லாத கிணறு இருக்கும், நிலவெடிப்பு இருக்கும். பையன் விழுவான். விழுந்தால் மறுபடி எழுந்து முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

படம் வரைய அவனுக்குத் தெரியும், நிரல் எழுதத் தெரியும். இசை தெரியாது. இசையமைப்பாளர் ஒருவரை அமர்த்தும் வசதியும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்றே இணையத்தில் ஆயத்த இசைக் கடைகள் இருக்கின்றன. புல்லாங்குழல், மேளம், மழைச் சத்தம் எல்லாம் துண்டுதுண்டாகக் கிடைக்கும். ஒரு தடவை பணம் கட்டி உரிமம் வாங்கிவிட்டால் போதும். விளையாட்டு எத்தனை பேர் கைக்குப் போனாலும் மறுபடி யாருக்கும் பங்கு தர வேண்டாம், பெயர்கூடப் போட வேண்டாம். 'ராயல்டி ஃப்ரீ' என்று அதற்குப் பெயர். கூட வேலை பார்த்த சிலர் சினிமாப் பாட்டை அப்படியே எடுத்துச் சொருகி மாட்டிக்கொண்டதை அவன் பார்த்திருக்கிறான். அவன் அப்படிச் செய்யமாட்டான். ஒவ்வொரு தவில் அடிக்கும் சான்றிதழ் வைத்திருந்தான். யார் எப்போது கேட்டாலும் காட்டலாம்.

பையன் விழும் இடத்துக்கு மட்டும் சத்தம் அமையவில்லை. எத்தனையோ சோகக் குழல்களைக் கேட்டுப் பார்த்துச் சலித்திருந்தான். அப்போதுதான் அது அகப்பட்டது. 'கிராமத்துப் பெண், சோகம், விளையாட்டில் தோற்கும் இடத்துக்கு ஏற்றது' என்று குறிப்புப் போட்டிருந்தார்கள். கேட்டவுடன் அவன் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்தது. நல்ல சரக்கு என்பதற்கு அதுதான் அடையாளம் என்று நினைத்துக்கொண்டான். பணம் கட்டினான். சான்றிதழ் வந்தது.

அந்தக் குரல் அவன் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தது.

முத்துமாரியம்மாள் கோயிலுக்குப் போகிற வழியில் பூக்கடை போட்டிருந்தாள். கடை என்றால் ஒரு பலகை, ஒரு ஈரச்சாக்கு, ஒரு குடை. விடியலில் பூ மார்க்கெட்டுக்குப் போய்ப் பிச்சியும் மல்லியும் எடுத்து வந்து கட்டி விற்பாள். அந்தத் தெருவில் அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், துட்டிக்கு முதலில் போய் உட்கார்ந்து அழுகிறவள் அவள்தான். கூலிக்கு இல்லை. அந்தப் பக்கத்துப் பெண்களிடம் அது ஒரு கொடுக்கல் வாங்கல். என் வீட்டுச் சாவுக்கு நீ வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாய், உன் வீட்டுச் சாவுக்கு நான் வந்து அழவேண்டும். ஆண்களுக்கு அவ்வளவு கடமை இல்லை. பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தால் போதும்.

கோமதியம்மாள் இறந்த அன்று பாண்டியராஜ் பெங்களூரிலிருந்து வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது. அதுவரை அழுகை ஓய்ந்துவிடாமல் பிடித்து நிறுத்தியது முத்துமாரிதான். "வழி பாத்த கண்ணு மூடலியே, உம் மவன் வந்து நிக்கானே" என்று அவன் வாசலில் கால் வைத்ததும் அவள் எடுத்த குரலில்தான் அவனுக்கே அழுகை வந்தது. இல்லாவிட்டால் பஸ் பயணத்தின் மரத்துப்போன முகத்தோடு நின்றிருப்பான். பிறகு அவன் ஊரோடு வந்து புது வேலை தொடங்கிய வருடம், சரஸ்வதி பூசைக்கு அவளே மாடியேறி வந்து கம்ப்யூட்டருக்கு ஒரு பிச்சிச் சரம் சுற்றிவிட்டுப் போனாள். காசு வாங்கவில்லை. "நீ எழுதுத பொட்டிதானே இது, இதுக்கும் சாமி உண்டும்" என்றாள்.

அவளுடைய ஒரே மகன் இசக்கித்துரை. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றி வரும் வேனில் கிளீனராகப் போனவன், ஓர் ஐப்பசி மாதம் வேன் கவிழ்ந்து இறந்தான். குவைத்தில் இருந்த முத்துமாரியின் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. மருமகன் முகத்தை வீடியோவிலாவது பார்க்க வேண்டும் என்று அவன் போனில் கதறினான். அதனால் கோகுலைக் கூப்பிட்டார்கள். கல்யாணம், சடங்கு, துட்டி எல்லாவற்றுக்கும் வீடியோ எடுக்கிறவன் அவன். நல்ல மைக் வைத்திருந்தான். அந்த வீட்டு அழுகை வெளியே போன வழி அதுதான். பாசத்துக்குத் திறந்த கதவு.

அன்றைக்குப் பாண்டியராஜ் ஊரில்தான் இருந்தான். விளையாட்டை வெளியிட ஒப்புக்கொண்ட நிறுவனத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டிய நாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தான். மறுநாள் வேறு வேலை வந்தது. அப்புறம் போனால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம் வந்தது. அப்படியே விட்டுவிட்டான். அன்று நாலு வீடு நடந்திருந்தால், பிற்பாடு அந்தக் குரலை இணையக் கடையில் கேட்டபோது அவன் காது அடையாளம் கண்டிருக்கும்.

'கிடை' சித்திரையில் வெளியானது. முதலில் யாரும் சீண்டவில்லை. பிறகு விளையாட்டுகளை விளையாடிக்காட்டிச் சம்பாதிக்கிற ஒரு பையன் அதை எடுத்து விளையாடினான். பத்தாவது தடவை விழுந்தபோது அந்த அழுகையைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் அடித்துக்கொண்டு அதேபோல இழுத்துக்காட்டினான். அவ்வளவுதான். சறுக்கி விழும் பூனைக்கு அந்த அழுகை, அவுட்டான கிரிக்கெட்காரனுக்கு அந்த அழுகை, பரீட்சையில் கோட்டைவிட்டவனுக்கு அந்த அழுகை. போனில் விளையாடும்படியும் 'கிடை' வந்தது. சங்கரன்கோவில் பயல்கள் நம்ம ஊர் ஆள் செய்தது என்று பெருமையோடு இறக்கிக்கொண்டார்கள். பாண்டியராஜின் வீட்டில் புது பிரிட்ஜ் வந்து இறங்கியது.

ஆனி மாதம் ஒருநாள் சங்கரேஸ்வரி பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பூ வாங்க நின்றாள். எதிர்த்த டீக்கடை பெஞ்சில் நாலைந்து பயல்கள் போனை வைத்துக்கொண்டு 'கிடை' ஆடிக்கொண்டிருந்தார்கள். பையன் விழுந்தான். "எந்திரிய்யா ராசா..." என்றது போன்.

முத்துமாரியின் கையில் பாதி கட்டிய சரம் அப்படியே நின்றது. அவள் எழுந்து நின்றாள். யாரோ கூப்பிட்டதுபோல இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"என்ன யக்கா, ஆட்டத்த பாத்து எந்திரிச்சிட்டிய?" என்றான் பேச்சிராஜ் என்கிற பயல். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் வேண்டுமென்றே பையனை மறுபடி கிணற்றில் விழவைத்தான்.

சங்கரேஸ்வரி பூவை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். மாடியேறி, புருசன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"அது யாரு குரல்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"எது?"

"உங்க ஆட்டத்துல அழுததே, அது. முத்துமாரி அத்தை. இசக்கித்துரைய நடுவீட்டுல போட்டிருக்கும்போது அழுதது. நான் பக்கத்துல இருந்தேன். அவிய கை என் தோள்லதான் கெடந்துச்சு."

பாண்டியராஜ் முதலில் சொன்ன வார்த்தை இது: "லைசென்ஸ் இருக்கு."

சங்கரேஸ்வரி ஹெட்போனை மேசையில் வைத்தாள். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள். அன்று இரவு சோற்றைப் போட்டாள், பேசவில்லை.

மறுநாள் அவன் கோகுலைத் தேடிப் போனான். கோகுல் ஸ்டுடியோவில் ஒரு சடங்கு ஆல்பத்துக்குப் பூ ஓரம் வைத்துக்கொண்டிருந்தான். மறைக்கவில்லை.

"ஆமா அண்ணாச்சி. நாந்தான் வித்தேன். துட்டி வீட்டுச் சத்தம், கோயில் கொட்டு, மார்க்கெட் இரைச்சல் எல்லாம் துண்டு போட்டு ஏத்துவேன். மவன் பேரு வாரத மட்டும் வெட்டிட்டேன்லா."

"கேட்டியால அவியகிட்ட?"

"என்னன்னு கேக்க? அத்தை, நீங்க அழுதத விக்கட்டுமான்னா?" கோகுல் கத்தரியைக் கீழே வைத்தான். "என் கேமரா, என் மைக்கு. நான் வித்தேன், நீரு வாங்குனீரு. ரெண்டு பேருகிட்டயும் பேப்பர் சுத்தமா இருக்கு. இப்ப எங்கிட்ட வந்து ஏன் மூஞ்சியத் தூக்குதீரு?"

பாண்டியராஜ் ஸ்டுடியோவை விட்டு இறங்கினான்.

வெளியீட்டு நிறுவனத்துக்குப் போன் பண்ணினான். எதிர்முனைக்காரர் மிகவும் மரியாதையாகப் பேசினார். உரிமம் சரியாக இருக்கிறது, யாரும் வழக்குப் போட முடியாது என்றார். மக்கள் ஆட்டுக்காக வரவில்லை, அந்த அழுகைக்காகத்தான் வருகிறார்கள் என்றார். தள்ளுபடி விற்பனை வரப்போகிறது, அது முடியட்டும், பிறகு யோசிக்கலாம் என்றார். முடியட்டும் என்று அவனும் ஒப்புக்கொண்டான். தப்பு என்று தெரிந்த பிறகும் ஒரு மாதம் தள்ளிப்போட்டான். அதற்கு முன் செய்ததெல்லாம் அறியாமல் செய்தது. அந்த ஒரு மாதம் அப்படியில்லை.

அந்த ஒரு மாதத்துக்குள்தான் ஆடித்தபசு வந்தது.

ஊர் நிறைந்து வழிந்தது. அம்மன் ஒற்றைக்காலில் தபசு நிற்கிற காட்சியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். வருடத்துக்கு ஒருநாள் முத்துமாரிக்கு நல்ல வியாபாரம் ஆகிற நாள். அதற்குள் யாரோ, 'கிடை'யில் அழுகிற நிஜப் பொம்பளை இவள்தான் என்று படம் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பயல்கள் கூட்டமாக வந்தார்கள். பலகைக்கு முன்னால் ஒருவன் தரையில் விழுந்து செத்தவன் மாதிரி கிடந்தான். மற்றவர்கள் போனை உயர்த்திப் பிடித்தார்கள்.

"யக்கா, எந்திரிக்கச் சொல்லுங்க யக்கா. நீங்க சொன்னாத்தான் எந்திரிப்பான்."

"ஏலே, போங்கலே. கும்பிட வந்த எடத்துல..."

"ஒரே ஒரு தடவ. சும்மா இல்ல, காசு தாரோம்." ஒருவன் ஈரச்சாக்கின் மேல் ஒரு நோட்டைப் போட்டான்.

பூ வாங்க வந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். கீழே கிடந்தவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். முத்துமாரி குடையை மடக்கினாள். பூவையும் நோட்டையும் அப்படியே போட்டுவிட்டு எழுந்து கூட்டத்துக்குள் நடந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து தொண்டைகள் ஒன்றாகச் சேர்ந்து இழுத்தன: "எந்திரிய்யா... எந்திரிய்யா ராசா..."

தேன்மொழியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பாண்டியராஜ் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தான். எல்லாவற்றையும் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயல்கள் கேட்டிருப்பார்கள். அவன்தானே அவர்களுக்குப் பெரிய ஆள்.

இரண்டு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனான். அவள் வாழைநாரைக் கிழித்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். "உள்ள வா மக்கா" என்றாள். திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அத்தை, நான் திருடல. காசு குடுத்துத்தான் வாங்குனேன்."

"யாருகிட்ட வாங்குன?"

கடையின் பெயரைச் சொன்னான்.

"அது எங்கன இருக்கு?"

"வெளிநாட்டுல."

"அவனுக்கு எம் மவனத் தெரியுமா?"

பாண்டியராஜ் தரையில் கிடந்த நார் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டான்.

"கோகுலையும் நான் ஒண்ணும் சொல்லல. படம் எடுக்கச் சொன்னது நாங்கதான. நீ எப்பிடிய்யா கண்டுக்கிடாமப் போன? உங்க அம்மைக்கு அழுத தொண்டைதான அது."

"அத்தை, அன்னைக்கு நான்..."

"ஊர்லதான் இருந்த. தூக்கிட்டுப் போம்போது பாத்தேன், உன் வண்டி வாசல்ல நின்னுச்சு." அவள் குரலில் கோபமே இல்லை. "வேலை இருந்திருக்கும்."

மீதி நார்களையும் கிழித்துத் தண்ணீரில் போட்டாள். பிறகு அவளே கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அதக் காட்டு பாப்பம். நான் இன்னும் பாக்கல."

அவன் போனை எடுத்தான். ஆட்டுக்காரப் பையன் பொழுதடையும் காட்டில் நடந்தான். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஆடு நல்லாருக்கு" என்றாள். பையன் கிணற்றில் விழுந்தான். அவளுடைய குரல் அவனைக் கூப்பிட்டது. பையன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"இன்னொரு தடவ."

அவன் மறுபடி பையனை விழவைத்தான். குரல் கூப்பிட்டது. பையன் எழுந்தான்.

"இன்னும் ஒரு தடவ."

எத்தனை தடவை என்று அவன் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் விரலை அழுத்துவது அவனுக்குத் தன் கையாலேயே தள்ளிவிடுவது போல இருந்தது. கடைசியில் அவள் போனின் மேல் தன் ஈரக்கையை வைத்து மூடினாள்.

"நான் எம்புட்டுக் கூப்பிட்டேன். எம் புள்ள எந்திரிக்கல. இவன் ஒரு கூப்பாட்டுக்கு எந்திரிக்கானே."

பாண்டியராஜ் போனை அவள் கைக்கு அடியிலிருந்து எடுத்து அணைத்தான்.

"எடுத்துரு மக்கா. ஊரான் புள்ளைக விழுந்து விழுந்து எந்திரிக்கட்டும். நல்லாருக்கட்டும். அதுக்கெல்லாம் நான் அழ முடியாது. அது ஒருத்தனுக்கு அழுதது."

எழுந்து போகும்போது அவள் ஒரு துண்டுப் பிச்சிச் சரத்தை இலையில் மடித்து அவன் கையில் வைத்தாள். "புள்ளைக்கு வச்சுவிடு." அந்தத் தெருவில் அன்று அவன் நடந்த நாலு வீட்டுத் தூரம் போல நீளமான தூரத்தை அவன் அதற்குமுன் நடந்ததில்லை.

அன்றே அழுகையை எடுத்துவிட்டான். நிறுவனத்துக்காரர் இப்போது மரியாதையாகப் பேசவில்லை. விளையாடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் வைது எழுதினார்கள். பழைய பதிப்பை யார் யாரோ பத்திரமாக வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். கோகுல் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான், பிறகு தானாகவே அதைக் கடையிலிருந்து இறக்கிவிட்டான். "ஆனா வாங்குனவன் வாங்குனதுதான் அண்ணாச்சி, இனி ஒண்ணும் செய்ய ஏலாது" என்றான். கடைக்குப் பாண்டியராஜ் எழுதிய கடிதத்துக்கும் அதே பதில் வந்தது. ஏற்கெனவே கொடுத்த உரிமங்களைத் திரும்பப் பெற இயலாது, வருந்துகிறோம். புரட்டாசியில் ஒருநாள் கொசுவத்தி விளம்பரம் ஒன்றில், சாகிற கொசுவுக்கு அந்தக் குரல் அழுதது. பாண்டியராஜ் டிவியை அணைத்தான்.

பயல்களுக்கும் அது மறக்கவில்லை. விளையாட்டில் இல்லாமல் போனதும் அவள் அழப் போகிற வீட்டு வாசலுக்கே வந்தார்கள். அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது முத்துமாரி வழக்கம்போலப் போய் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். ஜன்னலில் நாலு போன்கள் எழும்பின. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். அதற்கடுத்த துட்டிக்கு அந்த வீட்டுக்காரர்களே ஆள் அனுப்பினார்கள். "நீ வராண்டாம் முத்துமாரி. நீ வந்தா பயலுவ கூடிருதானுவ. செத்தவருக்கு மருவாதி இருக்காது." ஊருக்கெல்லாம் அழுதவளை ஊர் அப்படிக் கழித்துவிட்டது. பலகையையும் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம், யாரும் பூ வாங்காத ஓர் ஓரத்துக்கு மாற்றிக்கொண்டாள். சங்கரேஸ்வரி மட்டும் தினமும் அவ்வளவு தூரம் நடந்து போய் வாங்கினாள்.

ஐப்பசி பிறந்தது.

"ஞாயித்துக்கெழம இசக்கித்துரை திதி" என்றாள் சங்கரேஸ்வரி, பூவைச் சாமி படத்துக்கு வைத்துக்கொண்டே. "போன வருசம் மத்தியானம் படையலப் போட்டுட்டு அவன் பேரச் சொல்லி ஒரு அழுகை அழுதாவ. வருசத்துக்கு அந்த ஒரு அழுகைதான் அவியளுக்கு. இந்த வருசம் அதுவும் கெடையாது. பயலுவ இப்பவே பேசி வச்சிருக்கானுவளாம், வாசல்ல நிக்கணும்னு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கரேஸ்வரியும் தேன்மொழியும் திருவேங்கடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிப் பாண்டியராஜ் மட்டும் வீட்டில் தங்கிக்கொண்டான்.

முந்தின நாள் டீக்கடை பெஞ்சுக்குப் போனான்.

"ஏலே பேச்சிராஜு, புது ஆட்டம் ஒண்ணு செஞ்சிருக்கேன். ஒலகத்துல இன்னும் ஒருத்தனும் பாக்கல. நாளைக்கு மத்தியானம் நீங்கதான் முதல்ல ஆடிப் பாக்கணும்."

பேச்சிராஜ் எழுந்தே விட்டான். "நாங்களா அண்ணாச்சி?"

"இந்தத் தெருவுல இருக்க எல்லாப் பயலும். ஒருத்தன் விட்டுப்போகக் கூடாது. போன் மட்டும் கொண்டு வரக்கூடாது. ஒரு படம் வெளிய போச்சுன்னா எனக்கு ஒப்பந்தம் போயிரும்."

"அதுல அந்த அழுகை உண்டுமா?"

"கெடையாதுலே."

"அப்ப என்ன ருசி இருக்கு" என்றான் ஒருவன். மற்றவர்கள் அவனை மண்டையில் தட்டி அடக்கினார்கள்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன்பே மாடி அறை நிறைந்துவிட்டது. கொண்டுவந்திருந்த சில போன்களையும் அவன் வாங்கி ஒரு கூடையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினான். வராமல் விட்டுப்போன ஒருவனைத் தேடி ஆள் அனுப்பி அவனையும் வரவழைத்தான். தெருப்பக்கத்து ஜன்னலை அடைத்து, கொக்கியைப் போட்டு, அதன் மேல் ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்தான்.

"வேவுதே அண்ணாச்சி."

"ரகசியம்னா வேகத்தான்லே செய்யும்."

புது விளையாட்டுக்கும் இசை விலைக்கு வாங்கியதுதான். ஆனால் இந்தத் தடவை வாசித்தவர்களின் பெயரைக் கேட்டு வாங்கி, அவர்களோடு போனில் பேசி, எதற்கு வாசித்தது என்று விசாரித்த பிறகுதான் பணம் கட்டினான். கோயில் கொடைக்கு அடித்த தப்புக்கொட்டு அது. ஸ்பீக்கரை உச்சத்துக்கு வைத்தான். கொட்டு அறையைத் தூக்கி அடித்தது. பயல்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஒருவன் கையிலிருந்து ஒருவன் பிடுங்கி ஆடினார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் சொல்வதே காதில் விழவில்லை.

பாண்டியராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். முத்துமாரி வீட்டில் படையலுக்கு இலை போடுகிற நேரம். அந்த வாசலில் இன்று ஒரு பயலும் இல்லை. கதவுக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

பிறகு ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினான். அதன் வயர் எதிலும் சொருகியிருக்கவில்லை. இரண்டு கையாலும் அதைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, வெயில் மேற்கே சாய்கிறவரை அசையாமல் இருந்தான்.

சாயங்காலம் பயல்கள் போன்களை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அவன் கூடையை எடுத்து வைத்தான். மெத்தையை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்தபோது, நாலு வீடு தள்ளி இருந்த வாசலை அவன் பார்க்கவில்லை.